அட்டையில் எழுதிய காயம்

எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டியில் ஒரு வெள்ளை வேட்டியை விரிக்கிறார்கள். தண்ணீர் தெளிக்கிறார்கள். கரி நிரம்பிய பெட்டி அதன்மேல் இறங்குகிறது. உஸ்ஸென்று ஒரு சத்தம், அதன் பின்னாலேயே கஞ்சி வாசனை. சோறு தீய்வதற்கு ஒரு நொடி முந்தைய வாசனை. மற்றவர்களுக்கு அது கல்யாண வீட்டைக் கொண்டுவரலாம், தேர்தல் காலத்தைக் கொண்டுவரலாம். எனக்கு ஒருவனைக் கொண்டுவருகிறது. அவன் நினைவு வந்ததும் வாயில் எச்சில் ஊறுகிறது. விழுங்குவதற்கு அல்ல.

அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. எழுத மாட்டேன். கல்லூரியில் எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிட்டோம். எங்கள் முதலுதவிக் குழுவுக்கு அவன்தான் கேப்டன். எங்கள் வகுப்புதான், எங்கள் வயதுதான். ஆனால் சட்டைப் பையில் ஏழு ஊக்குகளை வரிசையாகக் குத்திக்கொண்டு, கழுத்தில் விசில் தொங்க, சுண்ணாம்பு பூசிய கான்வாஸ் ஷூவில் அவன் வராந்தாவில் நடந்து வந்தால், ஏதோ யுத்தத்தை ஜெயித்துவிட்டு நேராக வேதியியல் லேபுக்கு வருகிறவன் மாதிரி இருக்கும். அவன் உடம்பில் ஒரு தழும்பு கிடையாது. நகங்கள் மருதாணி வைக்கப்போகும் பெண்ணின் நகங்கள்போலச் சுத்தமாக இருக்கும். இருபது வருஷம் பூமியில் நடந்தும் ஒரு முறைகூட முட்டி சிராய்க்காத ஒருவனை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அந்தக் குழு எதற்காக வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் சேர்வதற்கு முந்தைய வருஷம் கல்லூரிச் சுற்றுலாவில் ஒரு பெண் பஸ் படியில் தவறிக் கையை ஒடித்துக்கொண்டாள். கூடப்போன நாற்பது பேரும் அவளைச் சுற்றி நின்று அழுதார்களே தவிர, அந்தக் கையை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஊர் வந்ததும் பிரின்ஸ்பால் மைக்கில் சொன்னார்: முகாமோ சுற்றுலாவோ மேட்சோ, கல்லூரியின் பெயரைச் சொல்லி யார் கள்ளக்குறிச்சியை விட்டு வெளியே போனாலும், பயிற்சி பெற்ற ஆறு பேர் கூடப் போகவேண்டும். போன இடத்தில் அம்மாவும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை, கூட வந்தவன்தான் இரண்டும் என்றார். நல்ல பேச்சு. நல்ல உத்தரவு. பொறுப்பாசிரியருக்குக் கையெழுத்துப் போடுவதோடு வேலை முடிந்தது. மிச்சம் முழுக்க இவன் கையில் விழுந்தது.

இவனுக்கோ பள்ளிக்கூட நாளிலேயே முதலுதவிப் போட்டியில் பரிசு வாங்கிய பழக்கம். போட்டி எப்படி நடக்கும் என்றால், ஒரு பையன் தரையில் படுத்திருப்பான். அவன் நெஞ்சில் ஒரு அட்டை தொங்கும். ‘வலது முன்கை எலும்பு முறிவு’ என்று அட்டையில் எழுதியிருக்கும். விசில் ஊதியதும் குழு ஓடிவந்து, அட்டையைப் படித்து, வலது முன்கைக்கு மரச் சிம்பு வைத்துக் கட்டவேண்டும். நடுவர் கையில் கடிகாரத்தோடு சுற்றி நடப்பார். கட்டு எத்தனை அழகு, முடிச்சு தட்டையாக விழுந்ததா, ஊக்கின் முனை வெளியே தெரிகிறதா என்று பார்த்து மார்க் போடுவார். அட்டைக்குக் கீழே இருக்கிறவனை யாரும் பார்க்கமாட்டார்கள். பார்க்க அவசியமும் இல்லை. அவனுக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே.

கேப்டனுக்கு முதலுதவி என்றால் அதுதான். அதற்கு மேலே ஒன்று இருப்பதாக அவனுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் மார்க் உண்டா என்று கேட்டிருப்பான்.

"மார்க் போயிடும்பா." அவன் வாயிலிருந்து அதிகம் கேட்ட வாசகம் அது. கட்டும்போது தும்மினால் மார்க் போயிடும். படுத்திருக்கிறவன் சிரித்தால் மார்க் போயிடும். ஒரு நாள் மெஸ்ஸில் நான் இடது கையால் தண்ணீர் எடுத்தபோதுகூடச் சொன்னான், யார் போடும் மார்க்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முக்கோணமாக வெட்டிய கட்டுத்துணிகள் எங்களிடம் பன்னிரண்டு இருந்தன. அவற்றை வாரம் ஒருமுறை கஞ்சியில் முக்கி, இஸ்திரி போட்டு, விளிம்போடு விளிம்பு சேர்த்து அடுக்கிவைப்பான். அப்போதுதான் மடிப்பு நிற்கும், நடுவர் கண்ணுக்கு நேர்கோடு தெரியும். கையில் எடுத்தால் அப்பளம்போல மொடமொடக்கும். முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் டிங்ச்சர் வாசனையை அமுக்கிக்கொண்டு கஞ்சி வாசனைதான் முதலில் வரும்.

அட்டை எழுதுகிறவன் நான். எங்கள் அத்தாவுக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை, புடவைப் பெட்டி அட்டைக்குப் பஞ்சமில்லை. எனக்குக் கையெழுத்தும் நன்றாக இருக்கும். கேப்டன் ஒரு சாயங்காலம் கடைக்கே வந்து, "பாய், நீதான் நம்ம டீமுக்கு ரைட்டர்" என்றான். அத்தா கூட ஒரு மாதிரி பெருமையாகப் பார்த்தார். இரண்டு வருஷம் எழுதினேன். ‘இடது தொடையில் ஆழ்ந்த வெட்டு. ரத்தம் பீறிடுகிறது.’ ‘பாம்பு தீண்டியது. பல் குறி இரண்டு.’ ‘மயக்கம். மூச்சு உண்டு.’ எனக்கு உள்ளே ஓர் ஓரத்தில் அது பிடித்திருந்தது. நான் எழுதியது எல்லாம் அடுத்த நிமிஷம் ஒருவன் உடம்பில் நடக்கிறது. அதற்குப் பிறகு எழுதிய எதற்கும் அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. விசில் ஊதியதும் நான் கேப்டனுக்கு நேர் பின்னால் நிற்கவேண்டும். அவன் குனியாமல் கேட்பான், "பாய், இன்னா காயம்?" நான் அட்டையிலிருப்பதை உரக்கச் சொல்வேன். அது அவன் கண்டுபிடித்த முறை. குனிந்து படித்தால் மூன்று வினாடி போகுமாம்.

படுக்கிறவன் எப்போதும் லட்சுமணன். வெள்ளிமலைப் பக்கத்து ஆள், கல்வராயன் மலையிலிருந்து எங்கள் வகுப்பில் வந்து சேர்ந்த ஒரே ஆள். ஒல்லி உடம்பு. தூக்கினால் ஸ்ட்ரெச்சர் ஆடாது என்று கேப்டன் அவனைப் பிடித்துப் படுக்கவைத்தான். இரண்டு வருஷத்தில் அவன் ஒரு முடிச்சுகூடப் போட்டதில்லை. "நானும் ஒரு தடவ கட்டறேன் கேப்டன்" என்று கேட்டால், "நீ படுத்தாத்தான்டா டீமே நிக்குது" என்பான் இவன். லட்சுமணன் படுத்துக்கொண்டே கூரையைப் பார்ப்பான்.

இன்னொருவன் முருகேசன். ரிஷிவந்தியம். அப்பா அம்மா இருவரும் கூலிக்குக் களை எடுக்கிறவர்கள், இவன் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படி ஏறியவன். படிப்பைவிட ஓட்டத்தை நம்பினான். தினமும் விடிந்ததும் சங்கராபுரம் ரோட்டில் ஓடுவான், போலீஸ் செலக்‌ஷனுக்கு. குழுவில் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவன் அவன். வாய் மட்டும் சும்மா இருக்காது.

"கேப்டன் கட்டு போட்டா செத்தவன்கூட மாப்ள கணக்கா எழுந்து ஒக்காருவான்" என்பான்.

"டிசிப்ளின்" என்பான் கேப்டன்.

"அதுக்கு எவ்ளோ மார்க்கு?"

ஒரு நாள் நாங்கள் மைதானத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, கேட்டுக்கு வெளியே கறிகாய் ஏற்றிவந்த ஒருவர் சைக்கிளோடு விழுந்தார். தக்காளி உருண்டது. அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தார், விரல்களுக்கு நடுவே ரத்தம். முருகேசன் ஸ்ட்ரெச்சரைக் கீழே வைத்தான். கேப்டன் விசிலை ஊதினான். "பாதில உட்டா பிராக்டிஸ் கெட்டுடும். அது நம்ம கேஸ் இல்ல." நாங்கள் லட்சுமணனின் ஒடியாத காலுக்குச் சிம்பு கட்டி முடித்தோம். எதிரே டீக்கடைக்காரர் போய் அவர் கைக்குத் துண்டைக் கிழித்துக் கட்டினார். ஆறு பேர் பயிற்சி பெற்றவர்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்தோம்.

மெஸ் சமையல்காரரை விறகுக் கட்டைக்குள்ளிருந்து ஏதோ கடித்தபோதும் அப்படித்தான். கையை உதறிக்கொண்டு கேப்டனிடம் ஓடிவந்தார். "தேளா, பூரானா?" என்று கேட்டான் இவன்.

"இருட்டுக்குள்ள இன்னாத்த கண்டேன். எரியுது சாமி."

"ரெண்டுக்கும் வேற வேற பக்கம்ங்க" என்று இவன் புத்தகத்தைப் புரட்டினான். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு இவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அச்சில் வராத வார்த்தை. சரியான வார்த்தை.

அது இடஒதுக்கீட்டுப் போராட்டங்கள் நடந்த காலம். மாவட்டமே கொதித்தது. எங்கள் வகுப்பில் பெஞ்சுகள் இடம் மாறின. இரண்டு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் ஒருவரையொருவர் புதிதாகப் பார்த்தார்கள், நீ இன்ன ஆள், உனக்கு இத்தனை, எனக்கு ஏன் இல்லை என்று. என்னிடம் வந்து, "உங்களுக்கு இன்னா பாய், கடை இருக்குது" என்றார்கள். நியாயம் எந்தப் பக்கம் எவ்வளவு என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு எல்லோருடைய நெஞ்சிலும் ஓர் அட்டை தொங்கியதுதான் தெரிந்தது. கேப்டன் ஒருவன்தான் அதைப் படிக்கவில்லை. எவன் எந்த ஆள் என்று அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. இதை ஒரு நல்ல குணமாக எழுத எனக்குக் கை வரவில்லை. அவனுக்கு மனிதர்கள் மேல் வேற்றுமை இல்லாததற்குக் காரணம், அவனுக்கு மனிதர்கள்மேல் எதுவுமே இல்லை.

மூன்றாம் வருஷம் பத்து நாள் முகாமுக்குக் கல்வராயன் மலைக்குப் போனோம். வெள்ளிமலை தாண்டி ஒரு சின்ன ஊர். ஓடையிலிருந்து ஊருக்குப் பாதை வெட்டிக் கொடுக்கிற வேலை. எட்டாம் நாள் பொறுப்பாசிரியர் அரிசி வாங்கிவருகிறேன் என்று கீழே போனார், வரவில்லை. கீழே மறியல் தொடங்கிவிட்டது என்று சந்தைக்குப் போய்வந்தவர்கள் சொன்னார்கள். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்களாம், பஸ் ஒன்றும் ஓடவில்லையாம். எங்களுக்கு அது இன்னும் இரண்டு நாள் லீவு என்று மட்டும் பட்டது.

ஒன்பதாம் நாள் காலையில் ஓடையில் குளித்துக்கொண்டிருந்தோம். முருகேசன் பாறைக்குப் பாறை தாவிக் காட்டிக்கொண்டிருந்தான். "போலீஸ்காரன் வரான், ஒதுங்கு, ஒதுங்கு" என்று கத்திக்கொண்டே. கால் வழுக்கியது. நெற்றி பாறையில் இடித்தது. சுழன்று கரையோரம் மல்லாந்து விழுந்தான், பாதி உடம்பு மணலில், பாதி தண்ணீரில். அந்த இடத்தில் முந்தாநாள் நாங்களே பந்தலுக்கு மூங்கில் வெட்டியிருந்தோம். சாய்வாக வெட்டிய அடிக்கட்டைகள் தண்ணீருக்குள் நின்றன. அது அப்போது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

கேப்டன் விசில் ஊதினான்.

இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை. விசில் கேட்டதும் எங்கள் கால்கள் தாமாகவே ஓடி அவரவர் இடத்தில் நின்றன. இரண்டு பேர் இடப்பக்கம், ஒருவன் தலைப்பக்கம், நான் பின்னால். பெட்டி வந்தது. கேப்டன் வலது முழங்காலை ஊன்றி உட்கார்ந்தான். முருகேசனுடைய நெஞ்சைப் பார்த்தான். வெற்று நெஞ்சு. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கணம் அவன் முகம் பரீட்சைத்தாளின் பின்பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்தவன் முகம்போல ஆயிற்று. பிறகு திரும்பாமலே கேட்டான்:

"பாய், இன்னா காயம்?"

நான் சொன்னேன், "நெத்தியில வெட்டு."

அவன் கட்டினான். அவ்வளவு அழகான தலைக்கட்டை எந்தப் போட்டியிலும் நான் பார்த்ததில்லை. விளிம்பு புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே நேர்கோடாக நின்றது. பின்னால் இரண்டு முனையும் குறுக்கே வந்து நெற்றியில் தட்டை முடிச்சாக விழுந்தன. ஊக்கு இருக்கும் இடமே தெரியவில்லை. முருகேசன் கண்ணைத் திறந்து, "தல சுத்துது மச்சி" என்றான். "பேசாத" என்றான் கேப்டன்.

லட்சுமணனுக்கு அன்றைக்கு இடம் இல்லை. படுக்கவேண்டிய இடத்தில் வேறொருவன் படுத்துவிட்டான். அதனால் அவன் ஓடையில் கொஞ்சம் கீழே, முழங்கால் தண்ணீரில், சும்மா நின்றான்.

"கேப்டன், தண்ணி செவப்பா வருது" என்றான்.

"கேஸ் முடிஞ்சிது. ஸ்ட்ரெச்சர் தயார்."

"டேய், அவனுக்குக் கீழேருந்து வருதுடா."

லட்சுமணன் ஓடிவந்து முருகேசனின் தொடைக்கு அடியில் கையை விட்டான். வெளியே எடுத்தபோது முழங்கை வரை சிவப்பு. புரட்டினோம். தொடையின் பின்பக்கம் மூங்கில் கட்டை குத்திக் கிழித்திருந்தது. ஓடும் தண்ணீர் இவ்வளவு நேரமாக ரத்தத்தை யாருக்கும் காட்டாமல் கழுவிக்கொண்டு போயிருந்தது.

கேப்டன் இன்னொரு கட்டுத்துணி எடுத்தான். அட்டைபோல விறைத்த துணி. அதைத் தொடையில் சுற்றினால் அது மடிப்பை விடமாட்டேன் என்று நின்றது. ரத்தத்தை உறிஞ்சவில்லை. ரத்தம் அதன் மேலேயே வழுக்கி ஓடியது, வாழையிலைமேல் ரசம் ஓடுகிற மாதிரி. லட்சுமணன் அதைப் பிடுங்கி எறிந்தான். இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்துச் சுருட்டிக் காயத்துக்குள் வைத்து முஷ்டியால் அமுக்கினான்.

"அழுக்குத் துணிடா அது. மார்க்கு..." என்று ஆரம்பித்தான் கேப்டன். மிச்சத்தை விழுங்கிக்கொண்டான். ஆனால் ஆரம்பித்தான்.

கடுக்காய் மூட்டை ஏற்றும் ஜீப் ஒன்று ஊரில் நின்றது. டிரைவர் மூட்டைகளைத் தள்ளி இறக்கினார். "கச்சிராயபாளையம் வரைக்கும் உடறேன். அதுக்கு அந்தாண்ட வழி கெடையாது. மரம்" என்றார். மலை வளைவுகளில் ஜீப் ஆடும்போதெல்லாம் லட்சுமணனின் முஷ்டி அசையவில்லை. முருகேசன் ஒருமுறை என்னைப் பார்த்து, "பாய், நான் ஓடுவனாடா?" என்றான். அவன் செத்துப்போவானா என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் கேட்டது அதுவல்ல. நான் வெளியே பார்த்தேன். கேப்டன் தலைக்கட்டில் ஒரு மடிப்பு கலைந்ததைச் சரிசெய்தான்.

கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரை ரோடு ரோடாக இல்லை. மரம், கொஞ்சம் ரோடு, மறுபடி மரம். இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு டிராக்டர் மாட்டிக்கொண்டிருந்தது. அது எங்களை அடுத்த மரம்வரை கொண்டுவந்து விட்டது. அந்த மரத்தைத் தாண்டினால் ஒரு மாட்டுவண்டி மாட்டிக்கொண்டிருந்தது. அது அடுத்த மரம்வரை. போர்வையில் வைத்து முருகேசனை மரங்களுக்கு மேலே தூக்கினோம். கிளைகள் இன்னும் வாடவில்லை. புளியம்பிஞ்சு வாசனை ரோடு முழுக்க.

பெரிய மரம் ஒன்றருகே பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து வந்தார், கையில் கோடாலி.

"எந்தூருபா நீங்க? இன்னா ஆளுங்க?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்களில் இருந்தவர்களின் பட்டியலை அந்த வருஷத்தில் அந்த இடத்தில் சொல்வது என்றால், யார் பெயரை முதலில் சொல்வது, யார் பெயரை விழுங்குவது. லட்சுமணன் தலையை நிமிர்த்தவே இல்லை.

"அடிபட்ட ஆளுங்க. கொஞ்சம் தூக்குங்க" என்றான்.

அவர் போர்வையைப் பார்த்தார். கோடாலியைக் கீழே வைத்தார். "ஏய், எழுந்திருங்கடா" என்றார். எட்டுப் பேர் வந்தார்கள். கேப்டனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. விசிலை வாயில் வைத்து, "இடது கால் முன்ன. ஒன், டூ, லிஃப்ட்" என்றான்.

"யார்ரா இவன், ரயில் உட்டுக்கினு?" என்றார் கோடாலிக்காரர்.

முருகேசன் கண்ணைத் திறக்காமலே சொன்னான், "எங்க கேப்டனுங்க. நல்லாத் தூக்குங்க. மார்க் போடுவாரு."

அவர்கள் சிரித்துக்கொண்டே அவனைத் தூக்கினார்கள். அடுத்த நாலு மரத்துக்கும் கூடவே வந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்கால வெயில். லட்சுமணனின் விரல்கள் திறக்கவில்லை. நர்ஸம்மா வெந்நீர் ஊற்றி ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். டாக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு, "இத்தனை நேரம் இப்படி அழுத்திப் பிடிக்கலேன்னா ஆள் இல்லை. யார் பிடிச்சது?" என்றார்.

"எங்க டீம் சார்" என்றான் கேப்டன்.

டாக்டர் தலைக்கட்டை அவிழ்த்தார். உள்ளே புளியங்கொட்டை அளவு ஒரு கீறல். அது எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. "அழகாக் கட்டியிருக்கீங்க" என்றார். கேப்டன் நிமிர்ந்து நின்று நன்றி சொன்னான்.

முருகேசன் பிழைத்தான். கால் பிழைத்தது, ஓட்டம் பிழைக்கவில்லை. உள்ளே ஏதோ நரம்பு. வலது காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் பரீட்சை எழுத வந்தான். செலக்‌ஷன் நடந்த நாளில் அவன் மெஸ் வாசலில் உட்கார்ந்து எல்லோரையும் கிண்டல் செய்துகொண்டிருந்தான். அவனைப் பார்க்க முடியாமல் நான் பின்வாசல் வழியாகப் போனேன். ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் கால் தப்பித்திருக்குமா, மூங்கில் குத்தியபோதே போய்விட்டதா, டாக்டரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்காததால் எனக்கு வசதியாக இருந்தது, பழியை எங்கே வைக்கவேண்டுமோ அங்கே வைத்துக்கொண்டேன்.

கேப்டன் அந்த வருஷப் போட்டிக்கு வேறு ஒல்லிப் பையனைத் தேடிப் பிடித்தான். லட்சுமணன் குழுவுக்கு வரவில்லை. கேப்டன் துணிகளுக்கு மறுபடி கஞ்சி போட்டான். அந்த வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நானும் அட்டை எழுதினேன். கடலூரில் கேடயம் கிடைத்தது, தலைக்கட்டுக்கு.

கல்லூரி நாளில் அவனுக்குப் பாராட்டுப் பத்திரம். கல்வராயன் மலையில் ஓர் உயிரைக் காத்ததற்காக. மேடையில் ஊக்குகள் மினுங்க நின்று வாங்கிக்கொண்டான். அந்தப் பத்திரத்தை எழுதியதும் நான்தான். கல்லூரியில் வேறு யாருக்கும் அந்தக் கையெழுத்து இல்லை என்று கூப்பிட்டனுப்பினார்கள். எழுதமாட்டேன் என்று சொல்லிவிடப் போகிறேன் என்று லட்சுமணனிடம் போய்ச் சொன்னேன். அவன் வலது கை விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான்.

"எழுது பாய். உன் எழுத்து நல்லாக் கீது" என்றான். அதில் கேலி இருந்ததா என்று இத்தனை வருஷம் யோசித்தும் தெரியவில்லை.

எழுதினேன். இந்தியன் இங்க்கில், மூன்று நாள். அதை எழுதும்போதே மனசுக்குள் இன்னொரு வாசகத்தையும் தயார் செய்துகொண்டிருந்தேன். கேப்டனுக்கு என்று. பல தடவை திருத்தி, வேண்டாத சொல்லை எல்லாம் நீக்கி, கத்திமுனைபோல ஆக்கிவைத்திருந்தேன். என் முதல் வசன கவிதை அதுதான் என்று சொல்லவேண்டும்.

கடைசிப் பரீட்சை முடிந்த மத்தியானம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். தகரப் பெட்டி, அதன்மேல் நியூஸ்பேப்பரில் சுற்றிய பாராட்டுப் பத்திரம், மேலே பெட்ஷீட். உளுந்தூர்பேட்டை போய் மெட்ராஸ் பஸ் பிடிக்கிறான். சட்டைப் பையில் அன்றைக்கும் ஏழு ஊக்குகள். என்னைப் பார்த்துச் சிரித்தான், எந்தக் கள்ளமும் இல்லாத சிரிப்பு. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றி எரிந்தது.

"முருகேசன் காலு போனது உன்னாலதான்" என்றேன். நான் செதுக்கிவைத்திருந்த வாசகம் வரவில்லை. இதுதான் வந்தது. "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கீழ கைய உட்டுப் பாத்தியாடா நீ?"

டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார். கேப்டன் பெட்டியைப் படிக்கட்டில் ஏற்றினான், தானும் ஏறினான், கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். அவனுக்குக் கோபம் வரவில்லை. வெட்கமும் வரவில்லை. ஏதோ கேள்வித்தாளில் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்துவிட்டதுபோல என்னைப் பார்த்தான். பஸ் நகர்ந்தது. கொஞ்சம் குனிந்து, எனக்குக் கேட்கவேண்டுமே என்று உரக்க, ஆனால் பொறுமையாகச் சொன்னான்:

"நான் உன்னத்தான கேட்டேன் பாய். நீ நெத்தின்னு சொன்ன."